நெற்குதிரைக் காலி செய்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையெடுப்பு பற்றி வந்த கட்டுரையையும், அதை வைத்து வாசகர் கடிதப் பகுதியில் நடந்துகொண்டிருக்கும் சண்டையையும் விடாமல் படித்து வருகிறேன். ஒருவர், வெள்ளைக்காரனைக் கதிகலங்க வைத்த வீரர் ஹைதர், அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதலாமா என்கிறார். இன்னொருவர் மதத்தை இழுத்து வந்து அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பார்ப்பேன் என்கிறார். கட்டுரையாளரோ, தஞ்சாவூர்ச் சீமை செழித்துக் கிடந்தது, ஹைதரின் குதிரைகள் வந்த நாளில் பாழானது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பாழான சீமையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம், அரசலாற்றங்கரை. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துக்கு 'ஹைதர் கலாபம்' என்று பெயர். என் சின்ன வயதில்கூட வீட்டில் சாமான் கலைந்து கிடந்தால், "என்னடா இது, ஹைதர் கலாபமாட்டம்" என்பார்கள். அந்தக் கலாபத்தில் உயிர் பிழைத்த ஒரு பையனின் வம்சம்தான் நாங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தா அவர். அப்போது ஐந்தாறு வயது இருக்கும் என்பது கணக்கு. ஓலை, செப்பேடு, பத்திரம் என்று எதுவும் கிடையாது. என் அப்பாயி சொன்னது, அவளுக்கு அவள் மாமியார் சொன்னது, அவ்வளவுதான்.

கதை சின்னது. மாசி மாதம். குதிரைக்காரர்கள் ஊருக்குள் வருகிறார்கள் என்று சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் அந்தப் பையனைத் தூக்கி, நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் இறக்கி மூடியைப் போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், கூரையில் தீ வைத்தார்கள். பையன் குதிருக்குள் கிடந்து பிழைத்தான். "குதிரையிலே வந்தான், குதிருலே பொழச்சான்" என்று அப்பாயி ராகம் போட்டுச் சொல்வாள். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழியை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

இந்தக் கதையைப் பெருமையாக நானும் பலரிடம் சொன்னதுண்டு. பிறகு வங்கியில் விளைச்சல் மதிப்பீடு, கையிருப்பு என்று எழுதி எழுதிப் பழகிய மூளை ஒரு நாள் கேட்டது: மாசி மாதத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் குதிர் எப்படிக் காலியாக இருக்கும்?

குதிர் என்பதைப் பார்க்காத இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கை மண்ணால் பூசி, வெளியே சாணி மெழுகியிருப்பார்கள். நெல்லைக் கொட்ட மேலே வாய். எடுக்க அடியில் ஒரு துவாரம், அதை அடைக்கத் துணி சுற்றிய கட்டையோ தேங்காய்ச் சிரட்டையோ. எங்கள் வீட்டுக் கொல்லைக் கட்டில் நான் பள்ளிக்கூடம் போகிற வரை ஒன்று இருந்தது. ஐந்து உறை. பத்துப் பன்னிரண்டு கலம் பிடிக்கும், அதாவது ஐந்தாறு மூட்டை. நானே உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கு நெல் இருந்தாலே போதும், அந்தச் சுனையும் தூசியும் உடம்பில் பட்டுப் பிள்ளை அரிப்புத் தாங்காமல் அலறியிருக்கும். தவிர, வந்தவன் நெல்லைத் தேடி வந்தவன். நெல் உள்ள குதிர் என்றால் முதல் வேலையாக அதைத்தான் உடைத்திருப்பான். காலிக் குதிர் என்று தட்டிப் பார்த்தே விட்டுப் போனதால்தான் அவர் பிழைத்தார், நானும் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தையில் சம்பா அறுத்து, மாசியில் குதிர் வழிய வேண்டிய ஊர் இது. அது காலியாக இருந்ததென்றால் வந்தவர்களுக்கு முன்பே அதைக் காலி செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். யார் அவர்கள்? கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிய இடம் இதுதான்.

கணக்கை 1773-லிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்து, துளஜா மகாராஜாவைச் சிறை வைத்தார். 1776 ஏப்ரலில் சென்னை கவர்னர் பிகாட் நேரில் வந்து ராஜாவை மறுபடி உட்கார வைக்கும் வரை விளைச்சல் நவாபின் கையில் இருந்தது. நவாபின் கையில் என்றால் அவருக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களின் கையில் என்று அர்த்தம். அவர்களில் ஒருவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் சொற்பச் சம்பளத்துக்கு இருந்த ஆள். ராஜா திரும்ப வந்ததும் இவர் நீட்டிய கணக்கு 2,30,000 பவுனுக்கு மேல். நவாப் தஞ்சாவூர் வருமானத்தைத் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும், குடிகளுக்கு வயலில் நிற்கும் பயிரின் மேல் கடன் கொடுத்திருக்கிறேன் என்றும் வாதாடினார். நானும் காலமெல்லாம் பயிர்க்கடன் கொடுத்தவன்தான். அடுத்தவன் வயலில் நிற்கிற பயிரை மூன்றாம் ஆள் அடமானம் வைக்க, நான்காம் ஆள் பணம் கொடுத்த கதையை எந்தத் தணிக்கையிலும் பார்த்ததில்லை. இதை ஒத்துக்கொள்ளாத பிகாட்டை அவருடைய கவுன்சில்காரர்களே 1776 ஆகஸ்டில் பிடித்துக் காவலில் வைத்தார்கள். மறு வருடம் காவலிலேயே இறந்துபோனார். ஒரு கவர்னரையே உள்ளே தள்ளுகிற அளவுக்கு எங்கள் ஊர் நெல்லில் காசு இருந்திருக்கிறது.

ராஜா திரும்பி வந்தாரே, அதற்கும் விலை உண்டு. கோட்டையில் கம்பெனிப் படை இருக்கும், அதன் செலவுக்கு வருடம் நாலு லட்சம் வராகன் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ராஜாவுக்கு அது எங்கிருந்து வரும்? மேல்வாரத்திலிருந்து. மேல்வாரம் எங்கிருந்து வரும்? களத்துமேட்டிலிருந்து. அறுத்து அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லில் சர்க்கார் பங்கை அளந்து போன பிறகு மிச்சம்தான் குடிவாரம். மேலே கடன் ஏற ஏற, கீழே நெல் அளக்கிற மரக்கால் அழுத்தமாக விழும்.

இத்தனைக்கும் பிறகுதான் ஹைதர் வருகிறார். அவர் சண்டை எங்களோடு அல்ல. 1779-ல் கம்பெனிக்காரர்கள், ஹைதருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்த மாஹே துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது அவர் கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். 1780 ஜூலையில் 80,000 பேருக்குக் குறையாத படையோடு கணவாய் இறங்கினார். செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார். நவம்பரில் ஆற்காடு விழுந்தது. வீரம் என்று எழுதும் அன்பருக்கு இதில் நிறையவே தீனி உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படைக்குத் தினமும் சோறு வேண்டும், குதிரைக்குத் தீனி வேண்டும். எதிரிக்கு அதே சோறு கிடைக்காமலும் செய்ய வேண்டும். ஊரை எரிப்பதும் மாட்டை ஓட்டுவதும் அந்தப் போர்முறையில் கோபத்தில் செய்கிற காரியமல்ல, திட்டமிட்ட வேலை. கம்பெனிப் படை அதற்கு ஒன்றும் விலக்கில்லை. போகிற வழியில் வண்டி, மாடு, நெல் எது கண்ணில் பட்டாலும் அவர்களுக்கும் அது 'சர்க்கார் தேவை'தான்.

1781 கோடையில் ஹைதரின் குதிரைப்படை காவிரிக் கரை ஊர்களில் இருந்தது. சிதம்பரம் நடராஜர் கோயிலே அப்போது அவர் ஆட்கள் இருந்த கோட்டை. ஜூன் மாதம் கம்பெனித் தளபதி ஐர் கூட் அதைத் தாக்கிப் பார்த்து முடியாமல் திரும்பினார். ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதருக்குத் தோல்வி. இந்தத் தேதிகளை வரலாற்றுப் புத்தகத்தில் படிப்பவர்களுக்குச் சண்டை தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு ஆனி, ஆடி தெரியும். ஆற்றில் தண்ணீர் வருகிற நேரம், வாய்க்கால் வெட்ட வேண்டிய நேரம், நாற்று விட வேண்டிய நேரம். ஏர் பூட்ட மாடு இல்லை, குடிமராமத்துக்கு ஆள் இல்லை. விதைநெல்லைக் கையில் வைத்திருந்தவன் அதை மண்ணில் போடுவானா, பிள்ளைக்குக் கஞ்சி வைப்பானா?

ஆங்கிலேயரின் வருவாய்க் கணக்கிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1780-81-ல் தஞ்சாவூர்ச் சீமையின் நெல் விளைச்சல் ஒரு கோடிக் கலத்துக்குச் சற்று மேல். அடுத்த வருடம் 16 லட்சத்துக்கும் குறைவு. அதற்கடுத்த வருடம் 14 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆறு மூட்டை கண்ட களத்தில் ஒரு மூட்டை. எங்கள் பையன் ஒளிந்த மாசி, அந்த முதல் பஞ்ச வருடத்து மாசியாகத்தான் இருக்க வேண்டும். 1782 பிப்ரவரியில்தான் ஹைதரின் மகன் திப்பு, பிரெஞ்சுக்காரர் லாலியின் ஆட்களும் கூட இருக்க, கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக் கரையில் கம்பெனிக் கர்னல் பிரெய்த்வெயிட்டின் சுமார் 2,000 பேர் கொண்ட படையைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைத்தார். எங்கள் ஊருக்குள் வந்த குதிரைகள் அந்தப் படையைச் சேர்ந்தவை என்பது என் அனுமானம். மாதம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது. ஆக, அவர்கள் வந்து தட்டியபோது குதிரில் ஒன்றும் இல்லாததற்கு எட்டு வருட வரலாறு இருக்கிறது. கடைசிப் பிடியை ஹைதரின் ஆட்கள் அள்ளியிருக்கலாம். முதல் மரக்காலை அளந்து எடுத்தவர்கள் ஆற்காட்டு நவாபும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களும்.

(ஒரு சின்ன விலகல். நம் சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேருமே இந்தக் காலத்தைத் தாண்டி வந்த பிள்ளைகள். அந்த மாசியில் சியாமா சாஸ்திரிகளுக்கு 19 வயது, தியாகராஜருக்கு 14, முத்துசாமி தீட்சிதருக்கு 6. எங்கள் பையனும் தீட்சிதரும் ஏறக்குறைய ஒரு வயது. மார்கழிக் கச்சேரிகளில் இதை யாரும் சொல்வதில்லை.)

எங்கள் வீட்டுக் கதையின் இன்னொரு துண்டு, பையனின் தகப்பனாரைப் பற்றியது. அவர் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெல் மூட்டை கொண்டுபோய்ப் போட்டு, பாதிரியார் கையால் காசு வாங்கினாராம். நாங்கள் சைவக் குடும்பம். பாதிரியாருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்ததுண்டு. பிற்பாடுதான் அப்போது தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரின் கடிதத்தில் இந்தச் செய்தியைப் பார்த்தேன். கோட்டைக்குள் பட்டினி. தெருவில் பிணங்கள். வெளியே நெல் இருக்கிறது, கொண்டுவர மாடு இல்லை. ராஜா கேட்டும் கம்பெனி அதிகாரிகள் கேட்டும் குடிகள் மாடு தரவில்லை. முன்பு கேட்டபோதெல்லாம் மாட்டை ஓட்டிப்போய்க் கூலி கொடுக்காமல் ஏமாற்றியவர்கள் அவர்கள்தானே. கடைசியில் சுவார்ட்ஸ், கூலியை என் கையால் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் சுமார் ஆயிரம் மாடுகள் வந்தன. உயிரைப் பணயம் வைத்து, கொஞ்ச நாளில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆயிரத்தில் எங்கள் வீட்டு மாடு ஒரு ஜோடி இருந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. அப்பாயி அந்தக் கடிதத்தைப் படித்தவள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஜெர்மன் பாதிரியார் 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரையே சந்தித்துப் பேசிவிட்டு வந்தவர். சண்டை நடக்கும்போதும் இவரைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்று ஹைதர் தம் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். மதச்சண்டையாகப் பார்க்கிற அன்பர் இதை எந்தப் பெட்டியில் வைப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. குடிகளைப் பொறுத்தவரை, கூலி கொடுக்கிறவன், கொடுக்காதவன் என்று இரண்டு சாதிதான் அப்போது இருந்திருக்கிறது.

கூரை எரிந்த பிறகு எங்கள் ஆட்கள் புதுக்கோட்டைச் சீமைக்குப் போய்விட்டார்கள். தொண்டைமான் ஹைதரின் ஆட்களை உள்ளே விடாமல் தடுத்து நின்றதால் அந்தப் பக்கம் கொஞ்சம் நிம்மதி. நஞ்சைக்காரர்கள் புன்செய்க் காட்டில் வரகும் கேழ்வரகும் களை பறித்துக் கூலி வாங்கினார்கள். அந்த வருடங்களைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. வடக்கே சென்னைப் பட்டணத்துக்கு ஓடியவர்களும் உண்டு. அங்கே 1782-ல் பஞ்சத்துக்காக ஆரம்பித்த கஞ்சித்தொட்டிதான், பிற்பாடு ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லக் காரணம். 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை ஆனது. சண்டை நின்றது, ஊர் திரும்பவில்லை. ஹைதர் போன பிறகும் ஏன் ஊர் காலியாகவே கிடந்தது என்று கட்டுரையாளர் யோசித்திருக்கலாம். அரண்மனை அதிகாரிகளின் வசூல் கொடுமைக்குப் பயந்து ஜனங்கள் சீமையை விட்டே போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடியும் சுவார்ட்ஸின் வாக்கை நம்பித்தான் ஒரே நாளில் 7,000 பேர் வரை திரும்பினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனியில் தொடங்க வேண்டிய வேலையை ஆவணியில் தொடங்கியும் அந்த வருடம் நன்றாகவே விளைந்ததாம்.

எங்கள் ஆட்களும் அந்தச் சமயம் வந்தவர்கள்தான். வந்து பார்த்தால் பங்கு நிலத்தில் பாதியை வேறு யாரோ உழுதுகொண்டிருந்தார்கள். அந்தத் தகராறு தலைமுறை தாண்டி நடந்தது. அதை இங்கே எழுதினால் எதிர்வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு கடிதம் போடுவார், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட முடியாது. எங்களோடு பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்கள் புதுக்கோட்டைக்கு வந்ததாக எங்கள் கதையில் இல்லை. திரும்பி வந்தபோது சேரியில் யார் இருந்தார்கள் என்பதும் இல்லை. குதிர் வைத்திருந்தவனுக்குத்தான் அதில் ஒளியவும் முடிந்தது, ஒளிந்த கதையைச் சொல்லப் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் அப்பாயி அந்தக் கதையை ராகம் போட்டுச் சொன்ன அதே திண்ணைக்குக் கீழே நின்று கேட்டவர்களுக்கும் ஒரு கதை இருந்திருக்கும். யாரும் அவர்களைச் சொல்லச் சொன்னதில்லை, நாங்களும்தான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஹைதர் வீரரா கொள்ளைக்காரரா என்ற கடிதச் சண்டையை இன்னும் நாலு வாரம் ஓட்டுவதைவிட, அந்த இடத்தை டெல்டா வாசகர்களுக்குக் கொடுங்கள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கலாபத்தைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாத பழைய வீடு அபூர்வம். தெருவீடும் சரி, சேரியும் சரி, எல்லாப் பக்கமும் கேளுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. வருகிற கதைகளை அந்த ஆவணங்களோடு ஒத்துப்பார்க்க அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

கேட்கும்போது வருடத்தைக் கேட்காதீர்கள். யாருக்கும் தெரியாது, தெரிந்ததாகச் சொன்னால் புத்தகத்தில் பார்த்துச் சொல்வார்கள். எந்த மாதம், வயலில் என்ன நின்றது, மாடு யார் ஓட்டிப் போனது, திரும்பி வந்தபோது நிலம் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். என் வீட்டுக் கதையில் மாசி என்ற சொல் இல்லாவிட்டால் காலிக் குதிர் பற்றி நானும் யோசித்திருக்க மாட்டேன்.

கட்டுரையில் திருத்த வேண்டிய வரி இரண்டாம் பத்தியில், "வந்த நாளில் பாழானது" என்று முடிவது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம் வட்டம்.